மலைப்பாதையில் நாயின் வாய்க்கு ஒரு காவல்

குன்னூருக்கு மேலே தேயிலைத் தோட்டத்தை ஒட்டிப் போகும் ஒற்றையடிப் பாதை. காலை ஏழு மணி. எங்கள் வீட்டுச் செவலை முன்னால் போக, நான் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். அவன் மூன்று வயது லாப்ரடார் கலப்பு. கொழுந்து பறிக்கக் கிளம்பிய அம்மா ஒருவர் எங்களைப் பார்த்து நின்றார்.

"தம்பி, நாயைக் கட்டிக் கூட்டிட்டுப் போங்க. ஓரமா கெடக்கிறதை மோந்து பாக்கவே விடாதீங்க. எங்க லைன்ல ஒரு நாய் வாய் கிழிஞ்சு வந்து வாசல்ல படுத்துச்சு."

"என்னாச்சுக்கா?"

"பன்னிக்கு வெச்ச காயைக் கடிச்சிருச்சு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் செவலை புதரோரம் எதையோ மெல்லத் தொடங்கிவிட்டான். பதறிப்போய் வாயைப் பிளந்து விரலை விட்டு எடுத்தேன். மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் தடவிய சோளக்கதிரின் பாதி. மணிகளை யாரோ தின்றுவிட்டு எறிந்திருந்தார்கள். என் கட்டைவிரல் நீளம், அதைவிட இரு மடங்கு தடிமன். இன்னும் இரண்டு நொடி போயிருந்தால் முழுதாக விழுங்கியிருப்பான்.

அன்று அது வெறும் சோளக்கதிராக இருந்தது எங்கள் நல்ல காலம். மலையில் நாய்க்கு நேரும் விபத்துகளில் நம்மால் தடுக்கக்கூடியவை பலவும் வாய் வழியாகவே வருகின்றன. உணவென்றால் உயிரை விடும் நாயை மலைக்குக் கூட்டிப் போகிறவர்கள் அந்த ஆபத்துகளையும், சட்டம் சொல்வதையும், உடனே செய்ய வேண்டியதையும் தெரிந்துகொண்டே கிளம்ப வேண்டும்.

பசி நாயின் குற்றமில்லை

"வீட்டில் வயிறு முட்டத் தின்றுவிட்டு வெளியிலும் பொறுக்குகிறதே" என்று நாயை அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு காரணம் சொன்னது. 'பிஓஎம்சி' எனப்படும் மரபணுவில் ஒரு சிறு துண்டு விடுபட்டுப்போன நாய்களுக்கு, வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்குச் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு இந்தக் குறை இருக்கிறது. தெருவில் பிறந்து வளர்ந்த நாட்டு நாய்க்கோ வேறு கதை. கிடைத்ததைக் கிடைத்த இடத்தில் விழுங்கினால்தான் பிழைக்க முடியும் என்பதே அதன் குட்டிக்காலப் பாடம்.

அடித்தால் இந்தப் பழக்கம் போகாது. மனிதர் கை நெருங்குகிறது என்று தெரிந்தால் இன்னும் வேகமாக விழுங்கவே நாய் கற்றுக்கொள்ளும்.

வழியோரம் கிடக்கும் விருந்து

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என எந்தக் காட்சிமுனைக்குப் போனாலும் கீழே கிடப்பவை ஏறத்தாழ ஒன்றுதான். நமக்குக் குப்பை. நாய்க்கு விருந்து. அதில் எது எப்படிக் கெடுக்கும் என்று பார்ப்போம்.

சோளக்கதிர்: குடலில் கரையாது. சிறுகுடலில் சிக்கி அடைத்துக்கொள்ளும். தின்ற அன்றே தெரிய வேண்டுமென்பதில்லை. சில நாள் கழித்தும் வாந்தி, சாப்பாட்டில் வெறுப்பு, வயிற்றுவலி எனத் தலைகாட்டும். பல நேரங்களில் அறுவை சிகிச்சையில்தான் முடியும்.

சாக்லேட்: ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கடைக்குக் கடை விற்கும் கறுப்புச் சாக்லேட்டில் தியோபுரோமின் என்ற பொருள் அதிகம். நாயின் உடல் அதை மிக மெதுவாகவே வெளியேற்றும். உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் சேர்ந்தாலே வாந்தி, பேதி, அமைதியின்மை தொடங்கலாம். 40 முதல் 50-ஐ எட்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 60-ஐத் தாண்டினால் வலிப்பு வரும். 10 கிலோ எடையுள்ள நாய் 100 கிராம் கறுப்புச் சாக்லேட்டைத் தின்றால் ஏறக்குறைய 500 மில்லிகிராம் உள்ளே போகும். கணக்கு நேராக இதயத்தைத் தொடும் அளவில் போய் நிற்கிறது.

திராட்சையும் புளியும்: திராட்சை, உலர்திராட்சை இரண்டும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியவை. அவற்றிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என மருத்துவர்கள் அண்மைக்காலமாகக் கருதுகிறார்கள். அந்த அமிலம் நிறைந்த இன்னொரு பொருள் நம் வீட்டுப் புளி. புளியைத் தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. பயணத்துக்கென்று கட்டிக்கொண்டு போகும் புளியோதரையில் நாய்க்கு ஒரு கை வைக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

வெங்காயம், பூண்டு, பிரியாணி மிச்சம்: வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சோர்வும் வெளுத்த ஈறும் சில நாள் கழித்தே தெரியும். வேகவைத்த கோழி எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து தொண்டையையும் குடலையும் குத்தும்.

சர்க்கரை இல்லாத சூயிங்கம்: சிலவற்றில் சைலிட்டால் இருக்கும். நாயின் இரத்தச் சர்க்கரை அரை மணி நேரத்திலேயே சரிந்துவிடக்கூடும். பிறகு கல்லீரலும் கெடும்.

இவற்றோடு பிளாஸ்டிக் கவர். தின்பண்ட வாசனை ஒட்டியிருக்கும் கவரை நாய் உணவாகவே நினைக்கிறது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாடு முழுவதும் 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு. நீலகிரியில் அதற்கு வெகு முன்பே தடை வந்துவிட்டது. ஆனாலும் பாதையோரப் புதர்களைக் கிளறினால் கவர் அகப்படாத இடம் அரிது.

வேண்டுமென்றே வைத்த உணவு

அந்த அம்மா சொன்ன "பன்னிக்கு வெச்ச காய்" அவுட்டுக்காய். நாட்டு வெடிமருந்தை உருட்டி, மேலே விலங்குக்குப் பிடித்த தீனியைப் பூசி, காட்டுப்பன்றி வரும் வழியில் வைப்பார்கள். கடித்ததும் வாய்க்குள்ளேயே வெடிக்கும். தாடை பிளந்து, நாக்கு சிதைந்து, தின்னவும் குடிக்கவும் முடியாமல் விலங்கு நாள்கணக்கில் துடித்துச் சாகும். யானைகள் இதற்குப் பலியாகியிருக்கின்றன. 2020 மே 27 அன்று கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், வெடியில் வாய் சிதைந்த ஒரு கருவுற்ற யானை வெள்ளியாற்றுத் தண்ணீரில் நின்றபடியே உயிர்விட்டதை நாடே பார்த்தது. பன்றிக்கு வைத்த காயை முதலில் மோப்பம் பிடிப்பது பல நேரங்களில் நாய்தான்.

இரண்டாவது விஷத் தீனி. குருணை மருந்து கலந்த சோறு, எலி மருந்து தடவிய கருவாடு, காய்கறித் தோட்டத்தில் நத்தைக்குத் தூவும் மருந்து என்று பல வடிவில் இருக்கும்.

பன்றியால் விளைச்சலை இழக்கும் விவசாயியின் வேதனை உண்மையானது. பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. வெடி வைப்பதோ, வெடிபொருள் சட்டம், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இரண்டின்படியும் குற்றம். பாதையில் சந்தேகமான உருண்டையைக் கண்டால் தொடாதீர்கள், காலால் தள்ளாதீர்கள். இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு வனத்துறைக்கோ 112-க்கோ சொல்லுங்கள். அடுத்து அந்த வழியே வருவது ஒரு குழந்தையாகவும் இருக்கலாம்.

நாயே உணவாகும் இடம்

மலையில் நம் நாய் தின்பது மட்டுமல்ல, தின்னப்படவும் கூடியது. சிறுத்தைக்கு நாய் எளிய இரை. குன்னூர், கோத்தகிரி, வால்பாறைப் பகுதிகளில் வீட்டு வாசலிலிருந்தே நாயைத் தூக்கிப் போயிருக்கிறது. விடியலும் அந்தியும் அது நடமாடும் நேரம். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு கிளம்பி, பொழுது சாயும் முன் திரும்பிவிடுங்கள்.

அவிழ்த்துவிட்ட நாய் காட்டெருமையையோ கரடியையோ கண்டால் குரைத்துக்கொண்டு ஓடும். அந்த விலங்கு திருப்பித் துரத்தினால் நாய் எங்கே ஓடிவரும்? தன்னை வளர்த்தவரின் காலடிக்குத்தான். பின்னாலேயே அதுவும் வரும். கயிறு நாயை மட்டும் காப்பதில்லை, உங்களையும் காக்கிறது.

புதருக்குள் மூக்கை நுழைக்கும் நாயைப் பாம்பு பெரும்பாலும் முகத்திலோ முன்காலிலோ தீண்டும். நம் நாட்டில் கிடைக்கும் நச்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கானது. மலைக்காடுகளில் வாழும் குழிவிரியன்களின் நஞ்சுக்கு அதை நம்பியிருக்க முடியாது. தடுப்பதே சிறந்த மருத்துவம்.

நாயால் காட்டுக்கு வரும் ஆபத்தும் உண்டு. 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. அவற்றில் சிலவற்றின் உடலில் இருந்தது நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ். நம் மலைகளின் செந்நாய்க்கும் சிறுத்தைக்கும் அந்த நோய் தொற்றக்கூடும். தடுப்பூசி போடாத நாயை மலைக்குக் கொண்டு போகவே கூடாது. வெறிநாய்க்கடி ஊசி, டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான ஊசி, உண்ணி மருந்து இவை எல்லாம் முடிந்திருக்கின்றனவா என்று மருத்துவ அட்டையைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

எங்கே போகலாம், எங்கே கூடாது

வன உயிரினச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவை வளர்ப்பு நாய்க்கான இடங்கள் அல்ல. முதுமலை, ஆனைமலை, சத்தியமங்கலம், களக்காடு முண்டந்துறை, ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை எனத் தமிழ்நாட்டில் ஐந்து புலிகள் காப்பகங்கள் இருக்கின்றன. கொடைக்கானலைச் சுற்றியுள்ள காட்டில் பெரும்பகுதி சரணாலயம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி இத்தகைய இடங்களுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். 2022 திருத்தத்துக்குப் பின் இச்சட்டத்தின் பொதுவான தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்பது கொல்வது மட்டுமல்ல. காட்டு விலங்கைத் துரத்துவதும், விரட்டுவதும், அதற்கான முயற்சியும் அதில் அடங்கும். முயலையோ மானையோ நாய் துரத்துவதைப் பார்த்துக் கைதட்டி ஏவிவிடுவது விளையாட்டல்ல, சட்டத்தின் முன் வேட்டை.

காப்புக்காட்டு மலையேற்றப் பாதைகளுக்கும் அனுமதி வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் பற்றிய காட்டுத்தீ 23 உயிர்களைப் பறித்த பின், மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த அந்த ஆண்டே தமிழக அரசு விதிகள் வகுத்தது. உங்களுக்குக் கிடைத்த அனுமதி நாய்க்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வனச்சரக அலுவலகத்தில் வாய்விட்டுக் கேளுங்கள்.

அப்படியானால் எங்கேதான் நடப்பது? ஊர்களை இணைக்கும் பொதுச் சாலைகள், கிராமப் பாதைகள், உரிமையாளரின் சம்மதத்தோடு தனியார் தோட்டப் பாதைகள். மலையின் அழகுக்கும் காற்றுக்கும் இங்கே குறைவில்லை.

உங்கள் உரிமை, உங்கள் பொறுப்பு

நாய்க்கு விஷம் வைத்துக் கொல்வதும் ஊனமாக்குவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவின்படி குற்றம். 5 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். நாட்டு நாய், சாதி நாய் என்ற பேதம் சட்டத்தில் இல்லை. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமும் உண்டு. ஆனால் அதில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். ஆகவே புகார் எழுதும்போது 325-வது பிரிவையும் குறிப்பிடச் சொல்லிக் கேளுங்கள்.

புகார் நிற்க வேண்டுமானால் சான்று வேண்டும். நாய் தின்ற மிச்சத்தையும் வாந்தியையும் கையுறை போட்டு எடுத்துச் சுத்தமான கவரில் வைத்து மூடுங்கள். இடத்தையும் நேரத்தையும் குறித்து, படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாய் இறந்துவிட்டால் துக்கத்தில் உடனே புதைத்துவிட வேண்டாம். அரசு கால்நடை மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். காவல் நிலையத்தில் புகாரை ஏற்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். அதற்கும் பலனில்லையென்றால் நீதித்துறை நடுவரை அணுகலாம்.

நாயோடு தங்கலாம் என்று உறுதி சொல்லிப் பணம் வாங்கிய விடுதி, வாசலில் வந்து நின்றதும் மறுத்தால் அது சேவைக் குறைபாடு. உறுதியளித்த செய்தியைப் பத்திரப்படுத்தி வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரயிலில் போவதானால், முதல் வகுப்பு ஏசியில் ஒரு கூபேயையோ கேபினையோ முழுவதும் உங்கள் பெயரில் பதிவு செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் பிரேக் வேனில் உள்ள நாய்ப்பெட்டியில்தான் நாய் வர முடியும்.

பொறுப்பும் உண்டு. நாயால் பிறருக்கு ஆபத்து நேராதபடி கவனம் எடுக்காமலிருப்பது அதே சன்ஹிதாவின் 291-வது பிரிவில் குற்றம்: 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் நாய் ஒரு தோட்டத் தொழிலாளியின் கோழியைக் கவ்வினால் விலையைக் கொடுத்து மன்னிப்புக் கேளுங்கள். அந்தக் குடும்பத்துக்கு அது ஒரு மாதத்து முட்டை. யாரையாவது கடித்துவிட்டால் காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

தின்றுவிட்டால் முதல் ஒரு மணி நேரம்

1. என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறியுங்கள். மிச்சத்தையும் கவரையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

2. உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், சோப்புத் தண்ணீர், எண்ணெய் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். உப்பு தானே விஷமாகும். வலுக்கட்டாயமாக ஊற்றியது நுரையீரலுக்குள் போய் உயிரை எடுக்கும்.

3. மருத்துவரை அழைத்துப் பேசிக்கொண்டே வண்டியில் ஏறுங்கள். வாந்தி எடுக்க வைப்பது பலன் தருவது பெரும்பாலும் முதல் இரண்டு மணி நேரத்துக்குள்தான். எடுக்க வைக்கலாமா கூடாதா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

4. எச்சில் ஒழுகி, கண்மணி சுருங்கி, தசை துடித்தால் பூச்சிமருந்தாக இருக்கலாம். இதற்கு அட்ரோபின் என்ற மாற்று மருந்து உண்டு. தாமதிக்கக் கூடாது.

5. வெடியில் வாய் சிதைந்திருந்தால் எதையும் பிடுங்காதீர்கள். இரத்தம் மூச்சுக்குழாயில் இறங்காதபடி தலையைத் தாழ்த்திப் பிடித்துத் தூக்கிச் செல்லுங்கள்.

6. பாம்பு தீண்டினால் கட்டுப் போடுவதும், கீறுவதும், உறிஞ்சுவதும் வேண்டாம். நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள்.

7. வயிறு உப்பி இறுகி, வாந்தி வருவதுபோல் உமட்டியும் ஒன்றும் வராவிட்டால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு இது வரும். அங்கே நிமிடங்களும் கணக்கு. வயிறு நிறையச் சாப்பாடு போட்ட கையோடு மலையேற்றாமல், இரண்டு மூன்று மணி நேரம் விடுவது நல்லது.

கால்நடை மருத்துவ உதவிக்கான கட்டணமில்லா எண் 1962. மலையூர்களில் கால்நடை மருத்துவமனை பக்கத்தில் இருக்காது. ஞாயிறன்று யார் இருப்பார்கள் என்பதைக் கிளம்பும் முன்பே விசாரித்து, எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

'விடு' என்ற ஒரு சொல்

உணவுப் பித்து உள்ள நாய்க்கு ஒரு பெரிய நன்மை உண்டு. உணவைக் காட்டி அதற்கு எதையும் கற்றுக்கொடுத்துவிடலாம். சோளக்கதிர் சம்பவத்துக்குப் பின் நான் செவலைக்குக் கற்றுக்கொடுத்த முதல் சொல் 'விடு'.

மூடிய கைக்குள் ஒரு பிஸ்கட் துண்டை வைத்து நீட்டினேன். முகர்ந்தான், நக்கினான், பிறாண்டினான். கை திறக்கவில்லை. அலுத்துப்போய் மூக்கை அரை அங்குலம் பின்னுக்கு இழுத்த அந்த நொடியில், "விடு" என்று சொல்லி மறு கையிலிருந்து வேகவைத்த கோழித்துண்டைக் கொடுத்தேன். உப்பும் எலும்பும் இல்லாத துண்டு. நான்காம் நாள் கையைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பி என் கண்ணைப் பார்க்கத் தொடங்கினான். பிறகு தரையில், பிறகு வாசலில், பிறகு தெருவில். ஆறு வாரம் ஆயிற்று. கீழே கிடப்பதை விட்டால் மேலிருந்து நல்லது வரும் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. கொடுக்கும் துண்டுகளை அன்றைய சாப்பாட்டில் கழித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பாடம் படியும், உடலும் பெருக்கும்.

வாயில் கவ்விவிட்டால் துரத்தாதீர்கள். நல்ல தீனியைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். அன்று நான் செய்ததுபோல் வாய்க்குள் கையை விடுவது கடைசி வழி. சாதுவான நாயும் அப்போது கடித்துவிடலாம்.

பழகும்வரை, பழகிய பிறகும் புதிய மலையில், வாய்க்கூடை போடுங்கள். களத்தில் போரடிக்கும் மாட்டுக்கு வாய்க்கூடை கட்டிய ஊர் நம்முடையது. நாய்க்கும் அதுபோல, மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடமுள்ள கூடையாக இருக்க வேண்டும். வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை வேண்டாம். நாயின் உடல் சூடு பெரும்பாலும் வாய் வழியாகத்தான் தணிகிறது. கூடையின் உட்புறம் கொஞ்சம் தயிர் தடவி நீட்டுங்கள். அதுவே முகத்தை நுழைக்கும்.

செவலையும் நானும் இப்போதும் அந்தப் பாதையில் நடக்கிறோம். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றோடு முன்னால் போகிறான். நான் ஒரு மஞ்சப்பையோடு பின்னால் போகிறேன். போன வாரம் மட்டும் பதினோரு சோளக்கதிர்களைப் பொறுக்கினேன். அவை எல்லாம் மனிதர் தின்றுவிட்டுப் போட்டவை.

மலைக்கு வரும் எல்லோரிடமும் என் வேண்டுகோள் இது: நாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தின்றதன் மிச்சத்தைக் கையோடு கீழே கொண்டுபோங்கள். நாய் வளர்ப்பவர்களுக்கு இன்னும் ஒன்று: கயிறு, வாய்க்கூடை, மருத்துவரின் எண் இவை மூன்றும் கையில் இல்லாமல் நாயோடு மலையேறாதீர்கள்.